லெப்டினன்ட் முதல் ஜெனரல் வரை: டெல்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ராணுவ அதிகாரி இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன், அவ்வளவுதான். ஆனாலும் ஆர்.கே.புரத்தில் கல்யாணம் என்றாலும் மலை மந்திரில் கிருத்திகை என்றாலும், "மாமா, நம்ம பையன் என்.டி.ஏ. எழுதப் போறான், ஜெனரல் ஆயிடுவானா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். (என்.டி.ஏ. என்றால் அதிகாரிகளைத் தயார்செய்யும் தேசியப் பாதுகாப்பு அகாடமி, அதில் சேரும் தேர்வுக்கும் அதே பெயர்.) அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருவதால் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தரைப்படையைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். கடற்படையும் விமானப்படையும் வேறு கணக்கு.

ஜெனரல் என்றால் எல்லாரும் ஒரே பதவியா?

இல்லை. மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல் என்று மூன்று படிகள். பேச்சில் மூவரையும் ஜெனரல் என்றுதான் கூப்பிடுவார்கள். காரின் முன்னால் இருக்கும் சிவப்புத் தகட்டில் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள்: பிரிகேடியருக்கு ஒன்று, மேஜர் ஜெனரலுக்கு இரண்டு, லெப்டினன்ட் ஜெனரலுக்கு மூன்று, ஜெனரலுக்கு நான்கு. பணியில் இருக்கும் நான்கு நட்சத்திர ஜெனரல் என்றால் தரைப்படையின் தலைமைத் தளபதி. 2020 முதல் முப்படைத் தலைமைத் தளபதி பதவியும் உண்டு, அதில் முதலில் இருந்த பிபின் ராவத், அனில் சௌஹான் இருவரும் தரைப்படைக்காரர்கள். ஐந்து நட்சத்திர ஃபீல்ட் மார்ஷல் என்பது பதவி உயர்வில் வருவதல்ல, கௌரவம். தரைப்படையில் இரண்டே பேர் பெற்றார்கள்: 1973-இல் மானெக்‌ஷா, 1986-இல் கரியப்பா.

லெப்டினன்டாகச் சேர்ந்தால் எத்தனை வருடத்தில் ஜெனரல்?

முதல் பாதி சுலபம். 2 வருடத்தில் கேப்டன், 6 வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். இதற்குரிய தேர்வுகளை எழுதித் தேறி, பெரிய வம்பில் மாட்டாமல் இருந்தால் போதும், காலம் தானாக ஏற்றிவிடும். 2004-க்கு முன்னால் இந்தப் படிகள் இதைவிட மெதுவாக இருந்தன. ஏ.வி.சிங் கமிட்டியின் பரிந்துரைக்குப் பிறகுதான் வேகம் வந்தது.

அதற்கப்புறம்தான் வாசல் குறுகுகிறது. கர்னல் பதவிக்குத் தேர்வு வாரியம் உண்டு. ஏறக்குறைய 16, 17 வருடப் பணியில் அது கூடும். அதில் தேறினால் ஒரு பட்டாலியன் கையில் வரும், எண்ணூறு ஆயிரம் பேரின் உயிருக்குப் பொறுப்பு. அதன் பிறகு பிரிகேடியருக்கு ஒரு வாரியம், மேஜர் ஜெனரலுக்கு ஒன்று, லெப்டினன்ட் ஜெனரலுக்கு ஒரு சிறப்பு வாரியம். மேஜர் ஜெனரல் ஆகும்போது முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், தலையில் பாதி நரைத்திருக்கும்.

நாற்பதாயிரத்தைத் தாண்டிய அதிகாரிகளில் மேஜர் ஜெனரல்கள் சில நூறு பேர்தான். லெப்டினன்ட் ஜெனரல்கள் நூறு பேர் அளவில் நின்றுவிடுவார்கள். உங்கள் மகனோடு டேராடூன் ராணுவ அகாடமி மைதானத்தில், பயிற்சி முடிக்கும் பாஸிங் அவுட் அணிவகுப்பில் நடப்பவர்களில் பெரும்பாலோர் லெப்டினன்ட் கர்னலாகவோ கர்னலாகவோதான் ஓய்வு பெறுவார்கள். இதைச் சொன்னால் அப்பாக்களின் முகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் கர்னலாக ஓய்வு பெறுவது தோல்வி என்று நினைப்பவர், தயவுசெய்து பையனை வேறு வேலைக்கு அனுப்பட்டும்.

யார் தீர்மானிக்கிறார்கள்? சிபாரிசு செல்லுமா?

தீர்மானிப்பது பெரும்பாலும் காகிதம். ஒவ்வொரு வருடமும் நேரடி மேலதிகாரி ஒரு ரகசிய அறிக்கை எழுதுவார். அவருக்கு மேலே இருப்பவர் அதை மறுபார்வை பார்ப்பார், அதற்கும் மேலே மூன்றாவதாக ஒருவர். முப்பது வருடம் இப்படிச் சேர்ந்த அறிக்கைகள், வகித்த பொறுப்புகள், படித்த படிப்புகள், வாங்கிய விருதுகள் எல்லாம் சேர்ந்துதான் வாரியத்தின் மேசைக்கு வரும். யாருடைய கோப்பு என்று தெரியாதபடி பெயரை மறைத்து வைப்பது வழக்கம். முதல் முறை தவறினால் இன்னும் இரண்டு முறை பரிசீலனை உண்டு. மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் பட்டியல்கள் ராணுவத்தோடு முடிவதில்லை, அரசின் ஒப்புதல் வேண்டும்.

சிபாரிசு செல்லுமா என்றால், ஒரு தேர்வு வாரியத்தையே சிபாரிசால் திருப்புவது கஷ்டம். ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மலை உச்சியில் சிடுசிடுத்த மேலதிகாரி மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்ட அறிக்கை, பிரிகேடியர் வாரியத்தில் வந்து காலை வாரிவிடும். இந்தக் காகிதத்தின் நீண்ட ஞாபகம்தான் பலருக்கு வினையாகிறது. பாதிக்கப்பட்டதாக நினைப்பவர் முதலில் ராணுவத்துக்குள்ளேயே முறையிடலாம், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் முதன்மை அமர்வு டெல்லி ஆர்.கே.புரத்தில்தான் இருக்கிறது, நம் பேட்டையிலேயே.

தலைமைத் தளபதி ஆக எல்லாரையும்விடத் திறமைசாலியாக இருக்க வேண்டுமா?

திறமை வேண்டும். அதோடு சரியான நாளில் பிறந்திருக்கவும் வேண்டும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கர்னல் 54 வயதில் ஓய்வு, பிரிகேடியர் 56, மேஜர் ஜெனரல் 58, லெப்டினன்ட் ஜெனரல் 60. தலைமைத் தளபதி 62 வயது வரையோ, மூன்று வருடமோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை. ஆக, முந்தைய தளபதி ஓய்வு பெறும் அந்த ஒரு நாளில் நீங்கள் 60-ஐத் தொடாதவராக இருக்க வேண்டும், அதே சமயம் மூத்தவர்கள் வரிசையின் முன்னால் நிற்க வேண்டும். மூன்று மாதம் முன்னால் பிறந்த காரணத்தாலேயே அந்தப் பதவி எட்டாமல் போனவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்டு. ராணுவ வட்டாரத்தில் ஒருவர் மேஜர் ஜெனரலாகி டிவிஷன் என்ற பெரும்படைக்குக் கமாண்டர் ஆன உடனேயே விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்: இவருக்கு முன்னால் இருப்பவர் யார், அவருக்கு எப்போது ஓய்வு, அப்போது இவர் வயது என்ன என்று. வரிசை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் இதற்கு.

தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வி.கே.சிங் கதை போதும். பள்ளிச் சான்றிதழில் பிறந்த வருடம் 1951, என்.டி.ஏ. விண்ணப்பத்தில் 1950. ராணுவத்தின் ஒரு கிளையில் ஒன்று, இன்னொரு கிளையில் மற்றொன்று. தலைமைத் தளபதியாக இருக்கும்போதே அவர் அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார்; 2012 பிப்ரவரியில் நீதிமன்றம் சாதகமாக இல்லை என்று தெரிந்ததும் மனுவைத் திரும்பப் பெற்றார். அந்த மே மாதக் கடைசியில் ஓய்வு. அதனால் பிக்ரம் சிங் அடுத்த தளபதியானார். ஒரு வருட வித்தியாசம் இந்த நாட்டின் ராணுவத்துக்கு யார் தலைமை என்பதையே மாற்றியது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் ஜாதகத்தில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி என்று வைத்துக்கொள்வது சகஜம். வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று அந்தக் காலத்தில் தலைமை ஆசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் போட்டுவிடுவார். என்.டி.ஏ. தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி.யின் விண்ணப்பத்தை நிரப்பும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பாட்டி சொல்லும் நட்சத்திரம் பிறந்தநாள் பாயசத்துக்கு மட்டும்.

மூத்தவரைத் தாண்டி இளையவரைத் தளபதியாக்க முடியுமா?

முடியும். சட்டப்படி பணிமூப்பு உரிமை அல்ல, மரபு. பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் நியமனக் குழு முடிவு செய்கிறது. 1983-இல் எஸ்.கே.சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ்.வைத்யா வந்தார், சின்ஹா ராஜினாமா செய்தார். 2016-இல் பிரவீண் பக்‌ஷி, பி.எம்.ஹாரிஸ் என்ற இரண்டு மூத்தவர்களைத் தாண்டி பிபின் ராவத் வந்தார். அந்த இருவரும் ராஜினாமா செய்யவில்லை, பணிக்காலத்தை முடித்துக்கொண்டு போனார்கள். 1974-இல் நடந்தது வேறு மாதிரி: அப்போதைய தளபதி பெவூருக்குப் பதவி நீட்டிப்பு கொடுத்ததால், அடுத்து வரிசையில் இருந்த, விக்டோரியா கிராஸ் வாங்கிய பிரேம் பகத் தளபதியாக முடியாமல் ஓய்வு பெற்றார். யாரையும் நேரடியாகத் தாண்டவில்லை, நாட்காட்டியை மட்டும் நகர்த்தினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், மரபுப்படி மூத்தவரை நியமிப்பதே மேல். மிகச் சிறந்தவர் வராமல் போகலாம். ஆனால் லெப்டினன்ட் ஜெனரல்கள் எல்லாரும் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கும் நிலை வருவதைவிட அது பரவாயில்லை.

தமிழர்கள் யாராவது தலைமைத் தளபதியாக இருந்திருக்கிறார்களா?

மூன்று பேர். மூவரின் வாழ்க்கையும் மூன்று வெவ்வேறு காலத்து ராணுவத்தைக் காட்டுகிறது.

முதலாமவர் பி.பி.குமாரமங்கலம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா டாக்டர் சுப்பராயன், சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட்டுகள்! மோகன் பின்னாளில் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் இருந்தார், 1973-இல் டெல்லிக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். அண்ணன் ஈட்டனிலும் வுல்விச்சிலும் படித்து 1933-இல் பீரங்கிப்படையில் கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி, பெற்றார். 1942-இல் லிபியப் பாலைவனத்தில் நடந்த சண்டைக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீர விருது, அதே வருடம் போர்க்கைதி. இத்தாலிய முகாமிலிருந்து தப்பித்து மறுபடி பிடிபட்டவர். 1966-இல் தளபதி ஆனபோது வயது 52. அவர் காலத்தில்தான் 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் உள்ள நாதுலாவில் சீனர்களோடு மோதல் நடந்து, 1962-இன் காயத்துக்குக் கொஞ்சம் மருந்து கிடைத்தது. 1969-இல் மானெக்‌ஷாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

33 வருடத்தில் தளபதி. இன்று அது நடக்கவே நடக்காது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஊருக்குக் கிளம்பியதும் மேலே காலியான நாற்காலிகள் இந்தியர்களுக்கு மளமளவென்று கிடைத்தன. கரியப்பா தளபதி ஆனபோது அவருக்கு 50 கூட நிறையவில்லை. அந்தக் காலம் ஒரு தலைமுறையோடு முடிந்தது.

இரண்டாமவர் கிருஷ்ணசாமி சுந்தரராஜன் என்ற சுந்தர்ஜி. அவருக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

மூன்றாமவர் எஸ்.பத்மநாபன். 1940-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி, அப்புறம் என்.டி.ஏ.; 1959 டிசம்பரில் பீரங்கிப்படை. இவர் வாழ்க்கைதான் இன்றைய அதிகாரிக்குப் பாடப்புத்தகம். தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் பயிற்றுநர், வெலிங்டனில் ஸ்டாஃப் கல்லூரி, ஒரு மலைப் பீரங்கி ரெஜிமென்ட்டின் தலைமை, பிரிகேட், டிவிஷன் என்று ஒரு படியும் விடாமல் ஏறினார். 1993 முதல் 1995 வரை காஷ்மீரில் 15-ஆம் கோரின் கமாண்டர் (கோர் என்பது டிவிஷனுக்கு மேலான படைப்பிரிவு). ஹஸ்ரத்பல் மசூதி முற்றுகை நடந்தது அப்போதுதான். பிறகு ராணுவ உளவுத்துறைத் தலைவர், அப்புறம் கோருக்கும் மேலான வடக்குக் கமாண்ட், தெற்குக் கமாண்ட் இரண்டுக்கும் தலைமை. 2000 செப்டம்பர் கடைசியில் தளபதியானபோது 59 வயது; பணியில் சேர்ந்து 40 வருடத்துக்கு மேல். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகள் குவிந்த ஆபரேஷன் பராக்கிரம் முழுவதும் இவர் பொறுப்பில் நடந்தது. 2002 டிசம்பர் 31 ஓய்வு. சென்னையில் வாழ்ந்து 2024 ஆகஸ்ட்டில் மறைந்தார்.

தமிழர் என்றால் மதராஸ் ரெஜிமென்ட்தானே?

அதிகாரிகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. மேலே சொன்ன மூவரில் ஒருவர்கூட மதராஸ் ரெஜிமென்ட் கிடையாது. இருவர் பீரங்கிப்படை, சுந்தர்ஜி மஹார் ரெஜிமென்ட். அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட். ஜவான்கள்தான் பல காலாட்படை ரெஜிமென்ட்டுகளில் வட்டாரவாரியாகச் சேர்கிறார்கள். அதிகாரி எங்கே வேண்டுமானாலும் போகலாம், போன இடத்து ஜவானின் மொழியைப் பழகிக்கொள்ள வேண்டும். கர்வால்காரரோ பஞ்சாபியோ மதராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இருக்கும் வெலிங்டனுக்குப் போய் "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்குவதும், மயிலாப்பூர்ப் பையன் "சத் ஸ்ரீ அகால்" என்று கத்துவதும் அங்கே சாதாரணம்.

பெரிய பதவிக்கு எந்தப் பிரிவு நல்லது என்றும் கேட்கிறார்கள். பிரிகேடியரிலிருந்து போரிடும் பிரிவுகளின் அதிகாரிகள் ஒரே பொது வரிசைக்கு வந்துவிடுவார்கள். 2023 ஆகஸ்ட் முதல் பிரிகேடியருக்கும் அதற்கு மேலுள்ளவர்களுக்கும் தொப்பி, பெல்ட், சின்னம் எல்லாம் ஒன்றே, எந்த ரெஜிமென்ட் என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தளபதிகளில் காலாட்படை, பீரங்கி, டாங்கிப் படைக்காரர்களே அதிகம். பொறியியல் பிரிவிலிருந்து முதல் தளபதி மனோஜ் பாண்டே, 2022-இல்தான் வந்தார். சப்ளை, ஆயுதக்கிடங்கு, வாகனப் பழுது போன்ற சேவைப் பிரிவுகளில் லெப்டினன்ட் ஜெனரல் வரை போகலாம், ஆனால் அந்தப் பாதை தனி.

சுந்தர்ஜியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஏனென்றால் அவர் சும்மா ஏறி வந்தவர் இல்லை. 1928-இல் செங்கல்பட்டில் பிறந்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போனார். 1946-இல் மஹார் ரெஜிமென்ட்டில் கமிஷன். வடமேற்கு எல்லைப்புறம், காஷ்மீர், பிறகு ஐ.நா. படையோடு காங்கோவில் கட்டாங்கா, 1971-இல் கிழக்கு முனையில் ஒரு கோரின் தலைமையகத்தில் பிரிகேடியர் ஜெனரல் ஸ்டாஃப் என்ற பொறுப்பு என்று போனது பாதை.

காலாட்படைக்காரர் ஒருவர் 1-ஆம் கவச டிவிஷனுக்கு, அதாவது டாங்கிப் படைக்குத் தலைமை ஏற்றது அவர்தான் முதல்முறை. காலாட்படையை லாரியிலிருந்து இறக்கி, டாங்கியோடு கூடவே ஓடும் கவச வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதன் விளைவாக 1979-இல் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட் பிறந்தது, அதன் முதல் கர்னலும் அவரே. மத்தியப் பிரதேசத்து மஹூவில் போர்க்கல்லூரித் தலைவராக இருந்தபோது அணு ஆயுதச் சூழலில் தரைப்போர் எப்படி இருக்கும் என்று அதிகாரிகளை எழுத வைத்தார். அது 1980-களின் தொடக்கம். நாட்டில் வேறு யாரும் அதை வாய்விட்டுப் பேசாத காலம்.

1984-இல் அவர் மேற்குக் கமாண்டின் தளபதி. பொற்கோயிலில் ஆபரேஷன் புளூஸ்டார் அவர் பொறுப்பில் நடந்தது. 1986 பிப்ரவரி 1-ஆம் தேதி தலைமைத் தளபதி. பதவியில் இருந்த 27 மாதத்தில் என்னதான் நடக்கவில்லை! அருணாசலத்தில் சும்தொராங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் முகாம் போட்டதும் ஹெலிகாப்டரில் படைகளைக் கொண்டுபோய் எதிர்மலைகளில் நிறுத்தினார். ராஜஸ்தானில் பிராஸ்டாக்ஸ் என்ற மாபெரும் பயிற்சி. பாகிஸ்தான் அதை நிஜப் படையெடுப்பு என்று நினைத்துத் தன் படையை நகர்த்த, 1987 ஜனவரியில் இரண்டு நாடும் போர் விளிம்புக்கு வந்தன. அடுத்த மாதம் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூருக்கு வந்தது அந்தச் சூட்டைத் தணிக்கத்தான். ஜூனில் சியாச்சின் பனிமலையில் பாணா சிங்கும் தோழர்களும் பாகிஸ்தான் நிலையைப் பிடித்தார்கள். ஜூலைக் கடைசியில் அமைதிப்படை இலங்கைக்குப் போனது. போஃபர்ஸ் பீரங்கி வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவர் வந்த சில வாரங்களில்தான்.

1988 ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெற்றார். நரம்பைத் தின்னும் நோய் வந்து 1999 பிப்ரவரியில் மறைந்தார்.

தமிழர் ஒருவர் தளபதியாக இருந்தும் இலங்கைக்குப் படை போனதே?

இந்தக் கேள்வியை டெல்லியில் மெதுவாகக் கேட்பார்கள், சென்னையிலிருந்து வரும் உறவினர் சத்தமாகக் கேட்பார்கள். படையை அனுப்புவது அரசின் முடிவு. இந்தியாவில் எந்தத் தளபதியும் எந்த நாட்டுக்கும் தானாகப் படை அனுப்ப முடியாது. அதனால் அந்தப் பாரத்தை முழுதும் சுந்தர்ஜி தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

ஆனால் அவருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. அரசு கேட்கும்போது "இந்தப் படையோடு இத்தனை நாளில் இது முடியும், இது முடியாது" என்று சொல்வதுதான் தளபதியின் வேலை. புலிகளோடு மோத நேர்ந்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை ராணுவத் தலைமையில் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியதும் அந்தக் கணிப்பு நொறுங்கியது. ஊர் வரைபடம்கூடச் சரியாக இல்லாமல் இறங்கினார்கள். படை 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அங்கே இறந்த தமிழ் மக்களின் கணக்கு தனி. பாலைவனத்தில் டாங்கிகளை ஓட்டும் போரை இருபது வருடம் முன்கூட்டிச் சிந்தித்த மூளை, சந்து பொந்துகளில் நடக்கும் போரைக் குறைத்து எடைபோட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

அந்தப் போரில் பரம் வீர் சக்ரா பெற்றவர் ஒரே ஒருவர்: மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்து அங்கே எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த தமிழர். சுந்தர்ஜி சேர்ந்த அதே மஹார் ரெஜிமென்ட். 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார். இறக்கும்போது வயது 41.

ஸ்டாஃப் கல்லூரி, என்.டி.சி. என்கிறார்களே, அதெல்லாம் என்ன?

ஜெனரல் ஆக வேண்டும் என்றால் நாற்பது ஐம்பது வயதிலும் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். மேஜராக இருக்கும்போது போட்டித் தேர்வு எழுதி நீலகிரி வெலிங்டனில் உள்ள ஸ்டாஃப் கல்லூரிக்குப் போக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்பு, பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம். ராவத் 2021 டிசம்பர் 8 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தது இந்தக் கல்லூரிக்குப் பேசப் போகும் வழியில்தான். அடுத்து மஹூவில் சீனியர் கமாண்ட், ஹையர் கமாண்ட் படிப்புகள். பிரிகேடியர் நிலையில் டெல்லி தீஸ் ஜனவரி மார்கில் நேஷனல் டிஃபன்ஸ் காலேஜ் (என்.டி.சி.), 47 வாரம். அங்கே ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். அதிகாரிகளும் வெளிநாட்டு அதிகாரிகளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாதுகாப்பும் பொருளாதாரமும் படிக்கிறார்கள்.

சம்பளம்?

ஏழாவது ஊதியக் குழுப்படி லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. மேஜர் ஜெனரலுக்கு 1,44,200, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 1,82,200. தலைமைத் தளபதிக்கு 2,50,000, கேபினட் செயலர் வாங்கும் அதே தொகை. அகவிலைப்படி எல்லாம் இதற்கு மேலே. ராணுவச் சேவை ஊதியம் என்று மாதம் 15,500 ரூபாய் தனியாக உண்டு, ஆனால் அது பிரிகேடியரோடு நின்றுவிடும். தளபதியின் வீடு ராஜாஜி மார்கில் 4-ஆம் எண், ஆர்மி ஹவுஸ். அதே தெருவில் 10-ஆம் எண்ணில்தான் கலாம் ஓய்வுக்குப் பிறகு வாழ்ந்தார்.

பணம் சம்பாதிப்பதுதான் நோக்கம் என்றால் குருகிராமில் நல்ல வேலைகள் இருக்கின்றன.

குடும்பம் எப்படிச் சமாளிக்கும்?

சிரமம்தான். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். அதில் பாதி இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது வரும்போது மனைவி டெல்லி கன்டோன்மென்ட்டில் ஒரு குவார்ட்டர்ஸில் தங்கி, தௌலா குவான் ஆர்மி பப்ளிக் ஸ்கூலில் பிள்ளையைச் சேர்த்து, கணவரை விடுமுறையில் பார்ப்பார். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் நிறைய. பாட்டியோடு பேசும் அளவுக்குத் தமிழ் இருந்தாலே நல்லது. மனைவிக்குச் சொந்த வேலை இருந்தால் இன்னும் சிக்கல். இதைப் பெண் பார்க்கும்போதே பேசிவிடுங்கள்.

பெண்கள் ஜெனரல் ஆக முடியுமா?

மருத்துவப் பிரிவில் எப்போதோ ஆகிவிட்டார்கள். புனீதா அரோரா 2004-இலேயே லெப்டினன்ட் ஜெனரல். மற்றப் பிரிவுகளில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் கதவைத் திறந்தது: நிரந்தர கமிஷன் (ஓய்வு வயது வரை பணி), தலைமைப் பொறுப்பு இரண்டும் உண்டு என்றது. 2023-இல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கர்னல் பதவிக்குத் தேர்வானார்கள். அதே வருடம் பீரங்கிப்படையிலும் பெண்கள் சேர்ந்தார்கள். 2022 முதல் என்.டி.ஏ.வில் சேர்ந்த மாணவியரின் முதல் அணி 2025 மே மாதம், என்.டி.ஏ. இருக்கும் கடக்வாஸ்லாவிலிருந்து வெளியே வந்தது. காலாட்படையும் டாங்கிப்படையும் இன்னும் அவர்களுக்குத் திறக்கவில்லை. அந்த 2025 அணியிலிருந்து ஒரு கமாண்டின் தளபதி வர வேண்டும் என்றால் 2060-ஐ ஒட்டித்தான் பார்க்கலாம், கணக்கு அப்படி.

பதவி உயர்வு கிடைக்காத அதிகாரி என்ன செய்வார்?

தன் ஜூனியருக்கு சல்யூட் அடித்துக்கொண்டே வேலை செய்வார். சிலர் இருபது வருடப் பணி முடிந்ததும் ஓய்வூதியத்தோடு வெளியே வந்து தனியார் நிறுவனங்களுக்குப் போகிறார்கள், சிலர் கல்லூரி நிர்வாகங்களுக்கு. 26 வருடம் நிறைந்தால், தேர்வாகாத லெப்டினன்ட் கர்னலுக்கும் கால அடிப்படையில் கர்னல் பதவி கிடைக்கும், பட்டாலியன் கிடைக்காது.

சரி, பையன் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளியில் பத்தாவது படிக்கிறான். இப்போது என்ன செய்வது?

பன்னிரண்டாவது படிக்கும்போதே என்.டி.ஏ. எழுதலாம், வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். கணக்குக்கு 300, பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்து 600. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், தமிழில் வராது. டெல்லியில் படிக்கும் பிள்ளைக்கு இது தடையே இல்லை. கணக்கில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம், அங்கே கவனம் வையுங்கள்.

எழுத்துத் தேர்வில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் முன்னால் நேரடித் தேர்வு, ஐந்து நாள், அதற்கு இன்னொரு 900. மனோதத்துவச் சோதனை, குழுவாகச் செய்யும் வேலைகள், நேர்காணல். இதற்குப் பயிற்சி நிலையங்கள் முகர்ஜி நகர்ப் பக்கம் நிறைய உண்டு. எழுத்துத் தேர்வுக்கு அவை உதவலாம். எஸ்.எஸ்.பி.க்குப் பதில்களை மனப்பாடம் செய்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் அதே மனப்பாடத்தைக் கேட்பவர்கள். பையன் ஒரு டீமில் விளையாடட்டும், பேப்பர் படிக்கட்டும், தினம் ஓடட்டும். கண்ணையும் பல்லையும் இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மருத்துவப் பரிசோதனையில் கடைசி நேரத்தில் நிற்பவர்கள் உண்டு.

முதல் முறை கிடைக்கவில்லை என்றால் ஒன்றும் முடிந்துபோகவில்லை. தேர்வு வருடத்துக்கு இருமுறை நடக்கிறது, வயது இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அதுவும் போனால் பட்டம் முடித்து, பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வை எழுதி டேராடூனுக்கோ, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ போகலாம். பரமேஸ்வரன் போனது அந்தப் பரங்கிமலை வழியில்தான்.